ஜீவமணி வீட்டில் தங்கம் கிடையாது

மில்லர்புரத்துக்குள் நுழைந்து இரண்டாவது வளைவில், ஒரு வீட்டு கேட்டில் தகரப் பலகை ஒன்று தொங்குகிறது. ‘இங்கே தங்கம் செய்யப்படாது. செய்யவும் தெரியாது. தயவுசெய்து பெல் அடிக்க வேண்டாம்.’ கூரியர்காரர்கள் அதைப் படித்துவிட்டு பெல் அடிக்காமலே திரும்பிப் போய்விடுகிறார்கள் என்று அந்த வீட்டுக்காரி ஜீவமணிக்கு இப்போது புதுக் கோபம்.

நான் எதிர்வீட்டுக்காரி. அவள் வீட்டுக்கு வந்தவர்களின் பைக்குகள் என் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற மாதங்களில் நானும் தெருவில் இறங்கிக் கத்தியிருக்கிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

ஜீவமணிக்குச் சொந்த ஊர் நாசரேத். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பாளையங்கோட்டையில் வேதியியல் படித்து முடித்து, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து, ஹார்பர் ரோட்டில் ஒரு தனியார் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். கப்பலேறிப் போகும் உப்பைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற லேப். ஈரம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு, தண்ணீரில் கரையாமல் தங்கும் மண் எவ்வளவு. முப்பது வருஷமாக அதே கேள்விகள். உப்பளக்காரர் யாராவது, “கொஞ்சம் பாத்துப் போடுங்க மேடம்” என்று இழுத்தால், “உப்பு என்ன சொல்லுதோ அதத்தான் போடுவேன்” என்று முகத்தைக்கூடத் தூக்காமல் சொல்வாள். இந்தச் சுபாவத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைக் கேட்க வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் கிருபாநிதி துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றெட்டில் அவர் பழைய துறைமுகத்துப் பக்கம், கப்பல்களில் கழித்த சாமான்களை விற்கும் கடையில், ஸ்பானர்கள் போட்டுவைக்க ஒரு தேக்குப் பெட்டி வாங்கி வந்தார். பெட்டிக்குள் அட்டை போன ஒரு புத்தகம் கிடந்தது. அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட எடுத்தவரின் கையிலிருந்து ஜீவமணி பிடுங்கிக்கொண்டாள்.

லத்தீன் புத்தகம். எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் நடுநடுவே செம்புத் தகட்டில் வெட்டி அச்சடித்த படங்கள் இருந்தன. ஒரு அடுப்பு. அதன் மேல் வளைந்த மூக்குள்ள கண்ணாடிக் குடுவை. அந்தக் குடுவையைத்தான் அவள் தினமும் லேபில் கழுவிக் கவிழ்க்கிறாள். படத்தில் அந்தக் குடுவைக்குள் ஒரு மயில் நின்றது. அடுத்த பக்கத்தில் ஒரு ராஜா தொட்டியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒரு சிங்கம் முகமுள்ள சூரியனைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஐரோப்பாவில் நானூறு வருஷத்துக்கு முன்னால் ரசவாதம் செய்தவர்களின் புத்தகம் அது என்று கண்டுபிடிக்க அவளுக்கு எட்டு மாசம் ஆயிற்று. அதிலிருந்து பிடித்துக்கொண்டது. தனித்தனித் தாள்களாக, கிழிந்த புத்தகங்களாக, வெளிநாட்டு வியாபாரிகளின் பட்டியலைப் பார்த்து வாங்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு முப்பத்தெட்டு படங்களும் ஆறு புத்தகங்களும் இருந்தன.

“உனக்கு இதுல என்னதான் இருக்கு?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“நாப்பது நாள் அடுப்ப அணையவிடாம காத்திருக்கானுவ. ஒன்னும் வரல. திரும்பவும் ஏத்தியிருக்கானுவ. தோத்துப்போன வேலைய இவ்வளவு அழகா எவனாவது வரஞ்சு வைப்பானா?” என்றாள்.

அவளுக்கு அவர்கள் மேல் கோபமும் உண்டு. ரோமன் கத்தோலிக்கரான ஜெர்சன் ஃபாதர், குருமடத்தில் லத்தீன் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், மாதம் ஒருமுறை அவளுக்கு இரண்டு பக்கம் படித்துச் சொல்வார். “இவனுக்கு இலக்கணமே ஒழுங்கா வரல” என்று எரிச்சலோடுதான் ஆரம்பிப்பார். ‘நம்முடைய பாதரசத்தை எடுத்துக்கொள், அது பாதரசம் அல்ல’ என்று அவர் மொழிபெயர்த்த அன்றைக்கு ஜீவமணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “பாதரசம் இல்லன்னா என்னன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான ஃபாதர்? எத்தன கிராம்? எவ்வளவு சூடு? ஒன்னுமே எழுதாம என்ன ரிப்போர்ட்டு இது?”

சேகரிப்பு என்பது சந்தோஷமான காரியம் என்று நினைப்பவர்கள் அவள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். கடல் காற்று பேப்பரைத் தின்னும். ஐப்பசியில் பூஞ்சை. சித்திரையில் வெள்ளிப்பூச்சி. லேபில் கழிக்கும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அவள் வறுத்து வறுத்து அலமாரிக்குள் பொட்டலமாகப் போடுவாள். சமையலறையில் அந்த வாணலியை யாரும் தொடக் கூடாது. நடு அறையில் படங்களுக்கு ஏசி உண்டு. கிருபாநிதி வெளியறையில் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, “அடுத்த ஜென்மத்துலயாவது நான் பேப்பரா பொறக்கணும்” என்பார்.

இந்த முப்பத்தெட்டில் ராணி மாதிரி இருந்தது சூரியனைக் கடிக்கும் சிங்கம். முதல் புத்தகத்தில் இருந்தது அரைப் பக்கச் சின்னப் படம். இது தனித்தாள், பெரியது, பளிச்சென்றது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து சட்டமும் கண்ணாடியும் போட்டபடியே வாங்கினாள். அதற்காகத் தன் கல்யாண வளையல் நான்கையும் விற்றாள். “தங்கத்தக் குடுத்து, தங்கம் செய்யத் தெரியாதவன் படத்த வாங்குன ஒரே பொம்பள இவதான்” என்று கிருபாநிதி வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வார். பார்சல் வந்தபோது சுங்கத்தில் ஓர் அதிகாரி சட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். நானூறு வருஷத் தாள், காற்றுப் பட்டால் போய்விடும் என்று இரண்டு மணி நேரம் மன்றாடி, பிரிக்காமலே வாங்கி வந்தாள். அன்றைக்கு ஜெயித்துவிட்ட மாதிரி என்னிடம் வந்து சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்புதான் அபிலாஷ் வந்து சேர்ந்தான். கிருபாநிதியின் தம்பி. நாற்பத்தைந்து வயது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வேலையோடு யூட்யூபில் ஒரு சேனலும் வைத்திருந்தான். ஊரில் உள்ள விசேஷமான ஆட்களைப் பேட்டி எடுத்துப் போடுவான். பார்ப்பவர்கள் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியதில்லை.

“மைனி, ஒங்க படத்தப் பத்தி ஒரு வீடியோ போடுதேன். நல்ல விஷயம் நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றான்.

ஜீவமணி நல்ல சேலை கட்டிக்கொண்டு ஐம்பது நிமிஷம் பேசினாள். அடுப்பு வகைகள், செம்புத் தகட்டில் எப்படிக் கோடு வெட்டுவார்கள், எந்தப் படத்தில் எந்த வினை ஒளிந்திருக்கிறது எல்லாவற்றையும் சொன்னாள். அபிலாஷ் அதை ஏழு நிமிஷமாக வெட்டினான். அவள் சொன்ன ஒரு வாக்கியம் இது: “தங்கம் செய்யுற வழி இந்தப் புத்தகத்துல இருக்குன்னு நெனச்சவங்க எல்லாரும் ஏமாந்துதான் போனாங்க.” வீடியோவில் வந்தது இது: “தங்கம் செய்யுற வழி இந்தப் புத்தகத்துல இருக்கு.”

“நேரம் பத்தல மைனி” என்றான் அபிலாஷ்.

நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். வீட்டு கேட்டையும் காட்டியிருந்தான்.

முதலில் வந்தவர் திருச்செந்தூரில் லாட்ஜ் நடத்துகிறவர். ஒரு செம்புக் குடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து சோபாவில் வைத்தார். “எனக்கு முழுசா வேண்டாம். கழுத்து வரைக்கும் மாத்திக் குடுத்தாப் போதும்” என்றார். அவரை அனுப்பவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அடுத்த நாள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை ஜீவமணியும் கிருபாநிதியும் சபைக் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது பதினெட்டு பேர் வாசலில் நின்றார்கள். ஒருவர் பாம்பு கடித்ததற்கு மருந்து எழுதிய ஓலைக்கட்டு வைத்திருந்தார். ஒருவர் பாதரசம் மட்டும் கொடுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அளத்தில் உப்பு வாருகிற பெண்கள் இரண்டு பேர், மாமியாருக்குத் தெரியாமல் வந்தோம், சீக்கிரம் சொல்லுங்கள் என்று நின்றார்கள். எல்லோரிடமும் ஜீவமணி ஒரே பதிலைச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. இல்லை என்று சொல்கிறாள் என்றால் நிச்சயமாக இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள்.

சபையில் இருந்து ஐயர் வந்தார். எங்கள் பக்கத்து சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. காப்பி குடித்துவிட்டு, சிங்கப் படத்தைப் பார்த்து, “இதெல்லாம் வீட்டுக்குள்ள இருக்கது அவ்வளவு நல்லதில்லம்மா” என்று மெதுவாகச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். போகும்போது கிருபாநிதியிடம் தனியாக, அதில் நிஜமாகவே ஒன்றும் இல்லையா என்று கேட்டாராம்.

அந்த வருஷம் தசரா நேரத்தில் ஜீவமணி பொறுமையின் கடைசியில் இருந்தாள். ஒரு மத்தியானம் பெல் அடித்தது. ஜன்னலைத் திறக்காமலே, “தங்கம் கிடையாது, போயிரு” என்று கத்தினாள். வெளியே நின்றவர் குலசேகரன்பட்டினத்துக்கு விரதமிருந்து காளி வேஷம் கட்டியவர். நீல முகம், நாலு கூடுதல் கை, தலையில் கிரீடம். “அம்மா, நான் கோயிலுக்குக் காணிக்கை வாங்க வந்தேன்” என்றார் பாவமாக. ஜீவமணி காணிக்கையும் ஒரு சொம்பு மோரும் கொடுத்து அனுப்பினாள். அன்று சாயங்காலம்தான் பலகை தொங்கியது. அடுத்த நாள் வந்த ஆள் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, “இங்கன இல்லன்னா எங்கன செய்யுதிய?” என்று கேட்டார்.

கார்த்திகையில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை காலை, சங்கரலிங்கம் வந்தார். அறுபது வயது இருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, பையில் ஒரு டப்பா. ஜீவமணி கேட்டுக்கே போய்ப் பலகையைத் தட்டிக் காட்டினாள்.

“படிச்சேம்மா. எனக்குத் தங்கம் வேண்டாம்” என்றார். “கோடு பாக்கணும்.”

“என்ன கோடு?”

“வீடியோவுல ஒரு ஓரத்துல மயில் படம் ஒன்னு வந்திச்சு. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். அந்தத் தோகையில உளி ஓடியிருக்க மாதிரி நான் பாத்ததில்ல. அதக் கிட்டத்துல ஒருக்கப் பாத்துட்டுப் போயிருதேன்.”

அவர் புதுக்கோட்டைக்காரர். திருச்சியைத் தாண்டி இருக்கும் புதுக்கோட்டை இல்லை, திருநெல்வேலி ரோட்டில் நம் ஊரை ஒட்டியது. பெரிய பாத்திரக் கடை ஒன்றின் வாசலில் உட்கார்ந்து சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்டுகிறவர். கடையில் கரண்டில் ஓடும் வெட்டுப் பேனாதான். வீட்டில் பித்தளை முத்திரைகள் கையுளியால் வெட்டிக் கொடுப்பார். “ஒங்க லேபுல உப்பு மூட்டைக்கு அரக்கு வச்சு அமுக்குதியள்லா, அந்த முத்திரை நான் வெட்டுனது” என்றார். முப்பது வருஷமாகத் தினமும் கையில் பிடித்த முத்திரை. ஜீவமணி கேட்டைத் திறந்துவிட்டாள்.

அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சங்கரலிங்கம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டப்பாவிலிருந்து வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். மயிலை முக்கால் மணி நேரம் பார்த்தார். பிறகு அனுமதி கேட்டு, ஓரத்தில் ஒரு விரலை மட்டும் லேசாக வைத்து நகர்த்தினார்.

“மை எந்திரிச்சு நிக்கி பாத்தியளா? தகட்டுக் குழிக்குள்ள இருந்த மைய பேப்பர் உறிஞ்சி எடுத்திருக்கு. அதான் கையில தட்டுது. உளி உள்ள போறப்ப மெலிசாப் போகும். நடுவுல அமுக்குவான், தடிக்கும். வெளிய வாரப்ப திரும்பவும் மெலிஞ்சு முடியும். ஒவ்வொரு கோட்டுக்கும் தலையும் வாலும் உண்டு.”

ஜீவமணிக்கு முகமே மாறிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவளோடு இதைப் பேசியது இந்த ஒரு ஆள்தான். ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தாள். காப்பி போட்டாள். இரண்டாவது காப்பியும் போட்டாள். கடைசியில் சுவரிலிருந்து சிங்கத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்து, “இதப் பாருங்க அண்ணாச்சி” என்று தள்ளி நின்றுகொண்டாள்.

சங்கரலிங்கம் கண்ணாடிக்கு மேலே குனிந்தார். ஒரு நிமிஷத்தில் நிமிர்ந்துவிட்டார்.

“நல்லாருக்கு” என்றார். “மயில எடுங்க, இன்னொரு தரம் பாக்கேன்.”

“இதச் சரியாப் பாக்கவே இல்லையே.”

“பாத்தேம்மா.”

“என்ன பாத்திய?”

அவர் லென்ஸைக் கழற்றித் துடைத்தார். சொல்லாமல் போய்விடத்தான் விரும்பினார் என்று எனக்குத் தோன்றியது. “இது வேற மாதிரி செஞ்சது. கோட்டுக்குத் தலையும் வாலும் இல்ல. எல்லாம் மொட்டையா நிக்கி. உளி படல. மெசின்ல எடுத்த மாதிரி இருக்கு. கண்ணாடி இருக்கு, நான் தப்பாவும் சொல்லலாம்.”

ஜீவமணி மயிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் போன பிறகு, “பாத்திரத்துல பேர் வெட்டுறவருக்கு என்ன தெரியும்?” என்று என்னிடம் கேட்டாள்.

மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் சட்டத்தின் பின்னால் ஒட்டியிருந்த தாளைக் கத்தியால் அறுத்து, பதினோரு வருஷத்தில் முதல்முறையாகப் படத்தை வெளியே எடுத்தாள். விரலை வைத்து நகர்த்தினாள். வழுவழுவென்று போயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மற்ற பழைய தாள்களில், கூழ் வடிகட்டிய சல்லடையின் கம்பி வரிகள் தெரியும். இதில் ஒன்றும் இல்லை. மரக்கூழில் செய்த தாளாக இருந்தால் சிவப்பாக மாற்றும் மருந்து ஒன்று உண்டு. செடித்தண்டுக்குச் சாயம் ஏற்றக் கல்லூரித் தாவரவியல் துறையில் வைத்திருப்பார்கள். தெரிந்த பேராசிரியையிடம் ஒரு சிறு குப்பி வாங்கி வந்தாள். படத்தின் ஓரத்தில், சட்டம் மறைத்திருந்த இடத்தில், ஊசி முனையால் ஒரு சொட்டு வைத்தாள். ஒரு நிமிஷத்தில் அந்த இடம் செக்கச்செவேல் என்று ஆயிற்று.

நானூறு வருஷத்துக்கு முன்னால் மரக்கூழில் பேப்பர் செய்ததில்லை.

“அந்தப் புத்தகத்துல எல்லாம் கறுப்பு வரும், வெள்ளை வரும், கடைசியில சிவப்பு வந்துட்டா வேலை முடிஞ்சிதுன்னு அர்த்தம்” என்றாள் என்னிடம். “எனக்கும் முடிஞ்சிது.”

யாராவது ஏமாற்றியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வியாபாரிக்கு நான்கு பக்கம் கோபமாக எழுதினாள். அவர் மரியாதையாக, அன்றைய பட்டியலின் நகலை அனுப்பினார். அதில் மூல ஓவியரின் பெயருக்கு முன்னால் ‘ஆஃப்டர்’ என்று ஒரு சொல் இருந்தது. அந்த ஓவியர் வரைந்ததைப் பார்த்துச் செய்தது என்று பொருள். அவர் காலத்திலேயே தகட்டில் வெட்டியிருந்தாலும் அப்படித்தான் போடுவார்கள், முந்நூறு வருஷம் கழித்து இயந்திரத்தில் நகலெடுத்தாலும் அப்படித்தான் போடுவார்கள். எந்தக் காலத்து அச்சு என்று பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. இவளும் கேட்கவில்லை. ‘ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லத் தயாராக இருந்தேன், தாங்கள் கேட்கவில்லை’ என்று முடித்திருந்தார்.

“உப்பு மூட்டையில ஒரு கேள்வி விட்டதில்ல. இதுல ஒரு கேள்வி கேக்கலியே” என்று கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாள். “சுங்கத்துல அந்த மனுஷன் பிரிக்கத்தான சொன்னாரு. கையப் பிடிச்சுத் தடுத்துட்டு வந்தேன்.”

கிருபாநிதி சமாதானம் சொல்லப் பார்த்தார். “அதே சிங்கம், அதே சூரியன். பதினோரு வருஷம் பாத்துச் சந்தோசப்பட்டதான? அது பொய்யா?”

“உப்புல சுண்ணாம்பு கலந்திருக்கு, ஆனா ருசியாத்தான் இருந்திச்சுன்னு நான் சான்றிதழ் குடுக்கட்டுமா?”

“நீ ஒரு மனுஷனுக்கு ஆறுதல் சொல்லக்கூட எடம் குடுக்க மாட்டேங்கிற” என்று அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

அடுத்து வந்ததுதான் அவளுக்கு அதிக எரிச்சல். தவறைத் திருத்த வேண்டும் என்று புறப்பட்டாள். இந்தப் படத்தை வைத்துக் கல்லூரியில் பேசியிருக்கிறாள், திருத்தம் எழுதி அனுப்பினாள். நன்றி, கோப்பில் வைத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. ஜெர்சன் ஃபாதரிடம் போய்ச் சொன்னாள். “அந்தப் படத்துக்கு அடியில இருந்த லத்தீன் நல்லாத்தான் இருந்திச்சு. யாரோ திருத்தியிருக்கான்னு அப்பவே நெனச்சேன்” என்றார். அபிலாஷிடம் திருத்தம் போடச் சொன்னாள். அவன் கண்கள் விரிந்தன. “மைனி, இது அதவிட நல்லா ஓடும். போலிப் படம், வளையல் வித்த கதை...” ஜீவமணி கையில் இருந்த கரண்டியைப் பார்த்துவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். அந்தப் படம் போலி என்பதில் உலகத்தில் ஒரு ஆளுக்கும் வருத்தம் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொன்னால், “அப்ப மத்ததெல்லாம் ஒரிஜினலா? அதுல தங்கம் வருமா?” என்றார்கள்.

மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவளே பாத்திரக் கடைக்குப் போனாள். என்னையும் கூட்டிக்கொண்டாள். சங்கரலிங்கம் ஒரு எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, பெண்ணின் பேரும் அப்பா பேரும் ஊரும் தேதியும் வெட்டிக்கொண்டிருந்தார். பேனா கிர்ரென்று சத்தம் போட்டது. அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு எழுந்தார்.

“அன்னைக்கு நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்மா” என்றார். “வீட்டுக்குப் போயி எம் பொஞ்சாதிகிட்டச் சொன்னேன். காப்பி குடுத்த வீட்டுல பேசுத பேச்சான்னு ஏசிட்டா.”

“மிச்சம் முப்பத்தேழு இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க. எல்லாத்தையும் பாத்துருவோம்” என்றாள் ஜீவமணி.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அவர் லென்ஸில் பார்த்துச் சொல்லுவார், அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு வைத்து, லேப் ரிப்போர்ட் மாதிரியே எழுதுவாள். மாதிரி எண், சோதனை, முடிவு. இன்னும் மூன்று போலி என்று விழுந்தன. சிங்கத்தைத் திரும்பவும் மாட்டவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. ரிப்போர்ட்டைப் பின்னால் ஒட்டி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்துவிட்டாள். சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. கிருபாநிதி அந்த இடத்தில் காலண்டர் மாட்டினார்.

அதோடு அவள் வாங்குவதை நிறுத்திவிடுவாள் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். அவள் நிறுத்தவில்லை. வாங்க முடியாமல்தான் போயிற்று. வியாபாரிகள் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிச் சங்கரலிங்கத்தின் போனுக்கு அனுப்புவாள். அவர் கடையில் குடத்துக்கும் அண்டாவுக்கும் நடுவில் பார்த்துவிட்டு, ‘வேண்டாம்’ என்று ஒரு சொல்லில் குரல் செய்தி அனுப்புவார். ஏன் என்று கேட்டால், தகடு தேஞ்ச பொறவு அடிச்சது, பின்னால வேற ஆள் கோட்ட ஆழப்படுத்தியிருக்கான், போட்டோவே சரியில்ல. ஒரு வருஷத்தில் இருபத்திரண்டு ‘வேண்டாம்’. “இந்த மனுஷன் என் வாழ்க்கையில வராமலே இருந்திருக்கலாம்” என்றாள் ஒருநாள், அவருக்கே குரல் அனுப்பி முடித்த கையோடு.

போன மாசிமாதம் அவளுக்கே பிடிக்காத ஒன்றை, சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று அனுப்பினாள். உள்ளங்கை அளவுத் தாள். புழு தின்ற ஓட்டைகள். ராஜாவும் இல்லை, மயிலும் இல்லை. ஒரு அடுப்பு, துருத்தி ஊதுகிற ஒரு ஆள். அவன் முகத்தில், எத்தனை நாள்தான் ஊதுவது என்கிற சலிப்பு. யாரும் கேட்காத சரக்கு, அதனால் மலிவு.

அன்று சங்கரலிங்கம் குரல் அனுப்பவில்லை. போனே செய்தார். “இத விட்டுராதிய” என்றார்.

பங்குனியில் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். துருத்திக்காரனின் முழங்கால் பக்கத்திலேயே லென்ஸை வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்க” என்றாள் ஜீவமணி.

“இங்கன கை வழுக்கியிருக்கு. முழங்கால் கோடு போட்டுட்டு இருக்கான், உளி நழுவி வெளிய ஓடியிருச்சு. பொறவு தேச்சு அழிக்கப் பாத்திருக்கான். போகல. சரி, கெடக்கட்டும்னு விட்டுட்டான்.” லென்ஸைக் கழற்றி அவளிடம் நீட்டினார். “எனக்கும் போன வாரம் ஒரு குத்துவிளக்குல இப்படித்தான் ஓடுச்சு.”

அவள் பார்த்தாள். மயிரிழைக் கோடு ஒன்று முழங்காலில் இருந்து எங்கேயும் போகாமல் கிளம்பிப் போய் நின்றிருந்தது. சுற்றிலும் தேய்த்த தடம், லேசான சாம்பல் நிழலாக.

“அடுப்பப் பாருங்க, குடுவை எவ்வளவு சரியா வரஞ்சிருக்கான். அத விட்டுட்டு, இவ்வளவு படத்துல ஒங்களுக்குத் தப்புதான் கண்ணுல படுது” என்றாள்.

“தப்பு மட்டுந்தாம்மா அவன் கையி. மிச்சமெல்லாம் யாரோ வரஞ்சு குடுத்தத வெட்டுனது.”

அவள் நோட்டை எடுத்து, விழுந்த நான்கைக் கழித்து, மாதிரி எண் முப்பத்தைந்து என்று எழுதினாள். தாளில் சல்லடை வரி உண்டு. விரலால் தடவினால் மை தட்டுகிறது. கோடுகளுக்குத் தலையும் வாலும் உண்டு. முழங்கால் விஷயத்தை எழுத வேண்டியதில்லை என்று அவளும், எழுதத்தான் வேண்டும் என்று அவரும் காப்பி ஆறுகிற வரைக்கும் தர்க்கம் செய்தார்கள். வெளியே யாரோ பெல் அடித்தார்கள். கிருபாநிதி எழுந்து போனார். ஜீவமணி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு வரி எழுதினாள்: ‘இடது முழங்காலில் உளி நழுவிய கீறல், நான்கு மில்லிமீட்டர்.’ எழுதிவிட்டு, ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தாள். மூன்றரைதான் இருந்தது. நான்கை அடித்துத் திருத்தினாள்.